கொஞ்சம் விசாரிப்போம்: ஊஞ்சலைச் சுற்றிவிடும் ‘மிஸ்’ என்ன படிச்சிருக்காங்க?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு வீடியோ வந்துவிடும். அனுப்புவது திருச்சியில் இருக்கும் அக்கா. ஹீரோ, அவள் மகன். நாலரை வயது. ‘சித்தி’யில் எனக்கு இதுவரை ‘தி’ மட்டும்தான் கிடைத்திருக்கிறது. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எட்டு மாதமாக, வாரத்தில் ஐந்து நாள் தெரபி. பெரிய பந்தின் மேல் படுப்பான், பாசி கோப்பான், ஊஞ்சல் ஆடுவான். வீடியோ வந்ததும் அம்மா நாலு ஹார்ட் போடுவார். மாமா ஆபீஸிலிருந்து ஒரு தம்ஸ் அப். நானும் ஒரு இமோஜியைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

போன மாதம் ஒருநாள் ஹாஸ்டலில் என் ரூம்மேட்டிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். அவள் சென்னையில் ஒரு மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். வீடியோவில் பையனை ஊஞ்சலில் உட்காரவைத்து, கயிற்றை முறுக்கி, கிறுகிறுவெனச் சுற்றவிட்டார் ஒரு ‘மிஸ்’. அவன் சிரித்தான். இவள் சிரிக்கவில்லை.

“இவனுக்கு ரெண்டு வயசுல ஃபிட்ஸ் வந்துச்சுன்னு சொன்னேல்ல?”

“ஆமா.”

“ஃபிட்ஸ் வந்த குழந்தையை இப்படிச் சுத்தறதுக்கு முன்னாடி யோசிக்கணும், டாக்டர்கிட்ட கேட்கணும். யாருடி இவங்க?”

உடனே அக்காவுக்கு போன் அடித்தேன். “அந்த மிஸ் ஓ.டி-யா?” என்றேன். “ஆமா, ஓ.டி மிஸ்தான்” என்றாள். “ஓ.டி படிச்சவங்களான்னு கேட்டேன்.” அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “அதைப் போய் அவங்ககிட்ட எப்படிடி கேக்குறது? பையன் அவங்ககிட்டதான் ஒட்டிக்கிட்டு இருக்கான்” என்றாள்.

கேஸ் சிலிண்டர் போட வருபவரிடம் ஐடி கார்டு கேட்கிற அக்கா அவள். மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுக்கிற இடத்தில் கேட்கக் கூச்சம். அதனால் இந்த வாரம் நாம் விசாரிக்கப்போவது இதைத்தான்.

முதலில், ஓ.டி என்றால்?

எனக்கே ஹாஸ்டலுக்கு வந்த முதல் வாரம் இவள் “நான் ஓ.டி” என்றபோது ஆபரேஷன் தியேட்டரில் வேலை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். “நைட் டியூட்டி இருக்குமா?” என்றுகூடக் கேட்டேன். அவள் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டவள். தமிழில் ‘தொழில்வழி சிகிச்சை’ என்று எழுதினால், ஏதோ வேலைவாய்ப்பு அலுவலகம் என நினைத்து வருபவர்களும் உண்டாம்.

இங்கே ‘ஆக்குபேஷன்’ என்பது சம்பள வேலை மட்டும் இல்லை. ஒரு மனிதர் ஒரு நாளில் செய்கிற எல்லாமே. பல் தேய்ப்பது, சட்டை பட்டன் போடுவது, சோறு பிசைந்து சாப்பிடுவது, பென்சில் பிடிப்பது, டாய்லெட் போவது. பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துபோன அப்பாவுக்கு, ஒற்றைக் கையால் வேட்டி கட்டிக்கொள்ளக் கற்றுத்தருவது ஆக்குபேஷனல் தெரபி. தீக்காயம் பட்ட விரல்கள் மடங்கி இறுகிவிடாமல் இருக்க அளவெடுத்து ஸ்பிளின்ட் செய்து போடுவதும் அதுவே. வகுப்பில் ஃபேன் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தையை, அந்தச் சத்தத்தோடு உட்கார்ந்திருக்கப் பழக்குவதும் அதுதான்.

இந்தியாவில் இது புதிதாக வந்த ஃபேஷனும் இல்லை. அமெரிக்காவில் பிறந்து, இங்கே திருமணமாகி வந்து இந்தியராகவே வாழ்ந்த கமலா நிம்ப்கர், மும்பை கே.இ.எம் மருத்துவமனையில் 1950-லேயே இதற்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிவிட்டார். 1952-ல் அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் சங்கம் வந்தது. அதே ஆண்டு உலகக் கூட்டமைப்பு தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பு நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

இன்றைக்கு பி.ஓ.டி என்ற பட்டப்படிப்பு இருக்கிறது. ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். உடற்கூறியல், நரம்பியல், மனநலம் எல்லாம் படித்து, மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப்பும் முடித்தால்தான் பட்டம். நம் ஊரில் வேலூர் சி.எம்.சி, முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசு நிறுவனம் எனச் சில இடங்களில் இந்தப் படிப்பு உண்டு.

படித்து வருபவர்கள் கொஞ்சம். தெரபி தேவைப்படும் குழந்தைகளும் பெரியவர்களும் ஏராளம். இந்த இடைவெளியில்தான் ‘மிஸ்’கள் வருகிறார்கள்.

சென்டருக்குப் போன அக்கா

ஒரு வாரம் தயங்கிவிட்டு, அக்கா கேட்டேவிட்டாள். சென்டர் உரிமையாளருக்கு முகம் மாறிவிட்டதாம். “எட்டு மாசமா இல்லாத சந்தேகம் இப்ப ஏன் மேடம்?” பிறகு மெல்ல மெல்ல விவரம் வந்தது.

முதல் நாள் பையனைப் பரிசோதித்து ரிப்போர்ட் எழுதியவர், பி.ஓ.டி படித்த நிஜமான தெரபிஸ்ட்தான். ஆனால் அவர் மூன்று சென்டர்களைப் பார்க்கிறார். இங்கே வருவது சனிக்கிழமைகளில். அக்கா பையனுக்கு சனிக்கிழமை கிளாஸ் இல்லை. ஆக, இந்த எட்டு மாதத்தில் அவர் இவனை இரண்டாவது தடவை பார்க்கவே இல்லை. தினமும் தெரபி கொடுத்த மிஸ், பி.காம் படித்தவர். வேலைக்குச் சேர்ந்தபோது மூன்று வாரம் டிரெயினிங் கொடுத்திருக்கிறார்கள்.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. தெரபிஸ்ட் எழுதிய முதல் ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்திலேயே ‘ஃபிட்ஸ் வந்த வரலாறு உண்டு, சுழலும் பயிற்சி வேண்டாம்’ என்று இருக்கிறது. அந்த ஃபைல் ஆபீஸ் ரூம் பீரோவில் இருந்தது. மிஸ்ஸிடம் யாரும் அதைக் காட்டவில்லை. “எனக்குத் தெரியாதுக்கா. அவன் சுத்தினா சிரிச்சான், அதான்...” என்று அந்தப் பெண் அக்காவிடம் அழுதுவிட்டாராம். இருபத்துமூன்று வயது. என்னைவிட இரண்டு வயது சின்னவர்.

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவன் தப்பித்தது யாருடைய கவனத்தாலும் இல்லை.

நான் கோபத்தில் “படிக்காதவங்களை எப்படித் தொட விடலாம்?” என்று குதித்தபோது ரூம்மேட் சொன்னது வேறு. “உதவியாளர் வெச்சுக்கிறது தப்பே இல்லடி. ஒரு தெரபிஸ்ட் எல்லாக் குழந்தையையும் தினமும் பார்க்க முடியாது. அந்தப் பொண்ணு மேல யாரோட கண்ணும் இல்லை பாரு, அதுதான் பயம்.”

உரிமத்தில் மூன்று படி வைத்திருக்கும் நாடு

அப்படிக் கண் வைப்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது அமெரிக்கா. அங்கே 50 மாநிலங்களிலும் ஆக்குபேஷனல் தெரபிக்கு அரசு ஒழுங்குமுறை உண்டு. மூன்று படிநிலை.

மேலே தெரபிஸ்ட். அடுத்து ‘அசிஸ்டன்ட்’. இவரும் சும்மா வந்தவர் இல்லை. சுமார் இரண்டு ஆண்டு கல்லூரிப் படிப்பு, நேரடிப் பயிற்சி, தேசியத் தேர்வு, மாநில உரிமம். இவ்வளவு இருந்தும் அவர் தனியாகக் கடை போட முடியாது. நோயாளியை மதிப்பிட்டு, சிகிச்சைத் திட்டம் போடும் பொறுப்பு தெரபிஸ்ட்டுக்கு மட்டும்தான். அந்தத் திட்டப்படி தெரபி கொடுப்பவர் அசிஸ்டன்ட். ‘இந்தக் குழந்தை இப்போது இப்படிச் செய்கிறது, திட்டத்தை மாற்றலாமா?’ என்று சொல்லலாம். மாற்றுவது தெரபிஸ்ட்தான். எத்தனை நாளுக்கு ஒருமுறை மேற்பார்வை, ஒருவரின் கீழ் எத்தனை அசிஸ்டன்ட், குறிப்புகளில் தெரபிஸ்ட் கையெழுத்து வேண்டுமா என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மேற்பார்வை என்பது மட்டும் மாறாது.

மூன்றாவது ‘எய்டு’. உரிமம் இல்லாதவர். பொருளை எடுத்துவைப்பது, இடத்தைத் தயார் செய்வது, நோயாளியை அழைத்து வருவது போன்ற வேலைகள். திறமை தேவைப்படும் தெரபியை இவர் கொடுக்கக் கூடாது.

அக்காவின் மிஸ், அமெரிக்கக் கணக்கில் மூன்றாம் படியில் நிற்பவர். செய்தது முதல் படியின் வேலை.

இன்னொரு விஷயமும் எனக்குப் பிடித்தது. அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 2022 முதல் அசிஸ்டன்ட் கொடுத்த தெரபிக்கு வழக்கமான கட்டணத்தில் 85% மட்டுமே தருகிறது. இது சரியா என்று அங்கே சண்டையும் நடக்கிறது, அது இருக்கட்டும். கவனிக்க வேண்டியது, தெரபியை யார் கொடுத்தார் என்பதை பில்லில் குறிப்பிட்டே ஆக வேண்டும். அக்காவின் ரசீதில் ‘தெரபி - 600’ என்று இருக்கும். அவ்வளவுதான்.

பிரிட்டனில் ‘ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்’ என்ற பெயரே சட்டப் பாதுகாப்பு பெற்றது. பதிவு பெறாதவர் அப்படிச் சொல்லிக்கொண்டால் குற்றம். பதிவேடு இணையத்தில் திறந்தே கிடக்கிறது. பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். ஆனால் உதவியாளர்களுக்கு அங்கேயும் தனிப் பதிவு கிடையாது. ஆக, எல்லா ஊரிலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

நம்மிடம் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய, இணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். அதற்கு முன்பு டாக்டர்களுக்கு கவுன்சில், நர்ஸ்களுக்கு கவுன்சில் என்று நாடு முழுக்க இருந்ததுபோல இவர்களுக்கு இல்லை. டெல்லி, மகாராஷ்டிரா போன்ற சில மாநிலங்கள் மட்டும் தாங்களே சட்டம் போட்டுக்கொண்டன.

புதிய சட்டத்தின் அட்டவணையில் பத்துப் பிரிவுகள். ஆக்குபேஷனல் தெரபிக்கு தனிப் பிரிவே உண்டு. சட்டத்தில் இரண்டு விளக்கங்களை ரூம்மேட் எனக்குப் படித்துக் காட்டினாள். தெரபிஸ்ட் போன்ற ‘சுகாதாரத் தொழில்முறையாளர்’ என்றால் குறைந்தது 3,600 மணி நேரம் கொண்ட பட்டப்படிப்பு. சிகிச்சை தருவதோடு மேற்பார்வை செய்வதும் அவர் வேலை என்று விளக்கத்திலேயே இருக்கிறது. ‘இணை’ப் பணியாளர் என்றால் குறைந்தது 2,000 மணி நேரம் கொண்ட டிப்ளமோ அல்லது பட்டம், வேறொருவர் பரிந்துரைத்த சிகிச்சைத் திட்டத்தை நிறைவேற்ற உதவுபவர். மூன்று வார டிரெயினிங், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 168 மணி நேரம் வருகிறது.

மத்திய, மாநிலப் பதிவேட்டில் பெயர் இல்லாமல் இந்தத் தொழில்களைச் செய்பவருக்கு 50,000 ரூபாய் அபராதம் என்றும் சட்டம் சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பதிவேடு வைக்க மாநில கவுன்சில் வேண்டும். ஆறு மாதத்தில் அமைக்கச் சொன்னது சட்டம். 2024 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் இதை விசாரித்தபோது, மூன்று வருடம் கழித்தும் 14 மாநிலங்கள்தான் கவுன்சில் அமைத்திருந்தன, அவையும் செயல்படாத நிலையில். இரண்டு மாதத்தில் சட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொன்னது நீதிமன்றம்.

அக்காவும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க போனில் தேடி, அந்த சனிக்கிழமை தெரபிஸ்ட்டைச் சரிபார்க்க எங்களுக்குக் கைகொடுத்தது, அவருடைய பட்டச் சான்றிதழும் சங்க உறுப்பினர் எண்ணும்தான். சங்கம் என்பது தொழில்முறை அமைப்பு. உறுப்பினர் எண் நல்ல அடையாளம். ஆனால் அது அரசு உரிமம் ஆகாது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பல சென்டர்களின் போர்டில் ‘ஆர்.சி.ஐ அங்கீகாரம்’ என்று இருக்கும். இந்திய மறுவாழ்வு கவுன்சில், 1992-ம் ஆண்டு சட்டப்படி இயங்குவது. சிறப்புக் கல்வி ஆசிரியர், பேச்சுப் பயிற்சி தருபவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகியோர் அதில் பதிய வேண்டும், சி.ஆர்.ஆர் எண் பெற வேண்டும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் அந்தப் பட்டியலில் வருவதில்லை. எனவே, சென்டரில் ஒரு மேடத்துக்கு ஆர்.சி.ஐ எண் இருப்பதைக் காட்டி ஓ.டி-க்கும் அதுவே போதும் என்றால், போதாது.

சென்டருக்கும் பதிவு வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனத்தைப் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் நடத்தக் கூடாது என்கிறது 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அந்தச் சான்றிதழைப் பார்க்க வேண்டும் என்று நாம் தாராளமாகக் கேட்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

கேட்க வேண்டியதை எப்படிக் கேட்பது?

அக்காவுக்கு வந்த கூச்சம் எல்லோருக்கும் வரும். அதனால் “நீங்க என்ன படிச்சிருக்கீங்க?” என்று மிஸ்ஸைப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள். அது அவரைக் குறுக்கிவிடும், பதிலும் வராது. “இவனுக்கு பிளான் போட்டது யாரு மேடம்? அவங்க அடுத்து எப்ப இவனைப் பார்ப்பாங்க?” என்று உரிமையாளரிடம் கேளுங்கள். முறையாக நடக்கிற இடத்தில் இதற்கு ஒரு நொடியில் பதில் வரும், தேதியோடு. தடுமாறினால் புரிந்துகொள்ளலாம்.

பிளானை எழுத்தில் வாங்குங்கள். ‘கைத்திறன் மேம்பாடு’ என்று பொதுவாக எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். ‘மூன்று மாதத்தில் பெரிய பட்டன் இரண்டைத் தானே போடுவான்’ என்று இருந்தால், நடந்ததா என்று நீங்களே பார்க்க முடியும். என்ன செய்யக் கூடாது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும், அந்தத் தாள் தெரபி நடக்கும் அறையில் இருக்க வேண்டும். பீரோவில் இல்லை.

வீட்டுக்கு வரும் தெரபிக்கும் இதே கதைதான். பக்கவாதம் வந்த தாத்தாவுக்கு ஏஜென்ஸியில் இருந்து ஒருவர் வந்து, விழுந்த கையைப் பிடித்து இழுத்து ‘எக்சர்சைஸ்’ செய்வதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அந்தத் தோள்பட்டையில் தசை தளர்ந்து மூட்டு இறங்கி இருக்கும். இழுத்தால் வலியும் காயமும்தான் மிச்சம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் தலையை அண்ணாத்திவைத்து சோறு ஊட்டினால், சோறு மூச்சுக்குழாய்க்குள் போகலாம். பார்க்கச் சாதாரணமாக இருக்கிற வேலைகள் இவை. அதனால்தான் யாரும் என்ன படிப்பு என்று கேட்பதில்லை.

காசு கட்ட முடியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் ‘டி.இ.ஐ.சி’ என்ற பிரிவு எங்கே என்று கேளுங்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டறிவதற்கானது. இலவசம். தனியார் சென்டரில் தொடர்ந்தாலும், முதல் மதிப்பீட்டை அங்கே செய்துகொண்டால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தாள் கையில் இருக்கும். படிப்பைப் பற்றிப் பொய் சொல்லிக் காசு வாங்கியிருந்தால், ரசீதை வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

அக்கா வீட்டில் இப்போது

சென்டரை மாற்றிவிட்டாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அடுத்த சென்டர் பதினான்கு கிலோமீட்டர். மாமாவுக்கு ஷிஃப்ட் வேலை. எல்லாவற்றையும்விட, புது ஆட்களிடம் போக பையன் இரண்டு மாதம் அழுவான். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் தினமும் பஸ் ஏறப்போவது நான் இல்லையே.

பதிலாக ஒரு ஏற்பாடு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை பையனை அழைத்துப் போகிறாள். தெரபிஸ்ட் அவனையும், மிஸ் அவனுக்குச் சொல்லித்தருவதையும் பார்த்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். முதல் சனிக்கிழமை அவரே அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். எட்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்த பாசி கோக்கும் பயிற்சி இவனுக்கு ஆறு மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டியது என்றும் சொன்னாராம். அக்கா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், “ஆறு மாசம்டி” என்று.

அந்த மிஸ் போன வாரம் அக்காவிடம் என் நம்பர் வாங்கி போன் செய்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “அக்கா, நீங்க பத்திரிகைல இருக்கீங்களாமே... இதை நான் முறையா படிக்கணும். எங்க சேரணும்?” என்றார்.

விசாரித்தேன். பி.ஓ.டி சேர ப்ளஸ் டூவில் உயிரியல் வேண்டும். அவர் காமர்ஸ் குரூப். அமெரிக்காவில் இருப்பதுபோல அசிஸ்டன்ட்டுக்கு என்று தனி உரிமம் இங்கே இல்லை. சட்டத்தின் அட்டவணையில் இந்தப் பிரிவின் கீழ் தெரபிஸ்ட்டுக்குத்தான் இடம். வேலை செய்துகொண்டே படித்து மேலே வர அவருக்கு ஒரு படிக்கட்டு வேண்டும். என்ன பதில் சொல்வது என்று ரூம்மேட்டிடம் கேட்டேன்.

“தெரியலடி. நாளைக்கு எங்க ஹெச்.ஓ.டி-கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றாள்.